சில்லு மூடினால் ஒரு லொறி

முதல் இரண்டு வருடமும் நானா என்னைக் கொளுக்கியைத் தொட விடவில்லை.

1978ஆம் ஆண்டு. எனக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்புச் சோதனையில் கணக்கு தவறியதால் அம்மா என்னைக் கொட்டாஞ்சேனையில் இருந்த பெரியப்பாவின் கராஜில் கொண்டுவந்து விட்டார். ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றின் முடிவில் தகரக் கூரை போட்ட இடம். வாசலில் பழைய பெட்போர்ட் லொறி ஒன்று நிற்கும். அதன் பின்தட்டில் தடித்த இரும்புக் குழாய்களை முக்கோணமாக ஒட்டி, உச்சியில் செயின் புளொக் ஒன்றைத் தொங்கவிட்டு, கீழே கையால் சுற்றும் வின்ச் ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். 'பிரேக்டவுன்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வண்டி பழுதாகி நிற்பதற்கும் அந்தச் சொல்தான், அதைத் தூக்க வருகிற லொறிக்கும் அந்தச் சொல்தான்.

புத்தகத்தில் லொறி பெரியப்பாவின் பெயரில் இருந்தது. ஆனால் அதை ஓட்டிய நானா சொல்லாமல் அது அசையாது. அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மருதானையில் வீடு. கட்டம் போட்ட சாரம், கையில்லாத பெனியன், வாயில் வெற்றிலை. புகைக்க மாட்டார். பெற்றோல் ஒழுகுகிற இடத்துக்குப் போகிறவனுக்குப் புகை ஆகாது என்பார். பெரியப்பா உட்பட எல்லோருக்கும் அவர் நானாதான்.

அவர் தொழில் பழகியது உலகப் போர்க் காலத்தில். கொழும்பில் இருந்த பிரித்தானியப் படையின் வாகன வேலைத்தலத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்திருக்கிறார். பிரித்தானியப் படை 1942இல் வாகனங்களையும் இயந்திரங்களையும் திருத்துவதற்கென்றே தனிப் படைப்பிரிவு ஒன்றை உண்டாக்கியது. அந்தப் பிரிவில் 'மீட்பு மெக்கானிக்' என்பது இன்றுவரைக்கும் வேறாக ஒரு தொழில். எஞ்சின் திருத்துகிறவன் வேறு, சேற்றில் புதைந்ததையும் பள்ளத்தில் விழுந்ததையும் வெளியே எடுக்கிறவன் வேறு. நானாவிடம் ஒரு கடுதாசிச் சான்றிதழும் இருக்கவில்லை. வெள்ளைக்காரச் சார்ஜன்ட் ஒருவர் திட்டித் திட்டிப் பழக்கினதை அவர் மனதில் வரிசையாக வைத்திருந்தார். அந்த வரிசையை ஒருநாளும் குலைக்க மாட்டார். என்னையும் அந்த வரிசைப்படியே பழக்கினார்.

முதல் பாடம் கம்பி. காலையில் வந்ததும் வின்ச் கம்பியை முழுதாக இழுத்து ஒழுங்கையில் நீட்ட வேண்டும். ஒயிலில் நனைத்த பழந்துணி ஒன்றால் அதைச் சுற்றிப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடக்க வேண்டும். துணி எங்கே கொளுவுகிறதோ அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. அங்கே சோக்கால் ஒரு கோடு. ஒரு சாண் நீளத்துக்குள் கோடுகள் கூடிவிட்டால் நானா அந்த இடத்தோடு கம்பியை வெட்டிவிடுவார். பெரியப்பா காசு போகிறதென்று முகம் சுளிப்பார். நானா திரும்பிப் பார்க்க மாட்டார். பழைய சைக்கிள் சங்கிலியைப் போல நினைத்து நான் துடைத்த அந்தக் கம்பியில் ஓர் ஆளின் உயிர் தொங்குகிறது என்று எனக்கு விளங்க நாலு மாதம் எடுத்தது. பஞ்சிகாவத்தையில் இன்னொரு கராஜ்காரரின் கம்பி அறுந்து, பக்கத்தில் நின்ற பையனின் காலை முழங்காலுக்குக் கீழே முறித்தது. அந்தப் பையனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று நானா என்னிடம் சொன்னார். "தம்பி, இழுபடுற கம்பிக்கு நேரா நிக்க வாணாம். கம்பி மேல நனைஞ்ச சாக்கைப் போடுங்க. அறுந்தா சாக்கு அதைக் கீழே அமத்தும்."

இரண்டாவது பாடம் கட்டை. இழுக்கிற வண்டியும் இழுபடுகிற வண்டியும் எந்த நேரமும் உருளலாம் என்றுதான் வேலையைத் தொடங்க வேண்டும். எந்தச் சில்லுக்கு முன்னே கட்டை, எதற்குப் பின்னே, யார் அதை எடுக்கச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் பேச்சில்லாமல் கையால் நடக்கும். பெரியப்பா ஊர்ப் பேச்சில் அதற்கு விளக்கம் சொன்னார். "எங்கட கோயில் தேருக்கு வடம் பிடிக்கிற ஆக்கள் ஆயிரம். சில்லுக்குக் கட்டை போடுறவர் ரெண்டு பேர்தான். பழக்கி எடுக்கிறது அந்த ரெண்டு பேரை." தேரிலும் லொறியிலும் கட்டைக்காரனின் கண் சில்லை விட்டு நகரக் கூடாது. நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். யாரோ கூப்பிட்டார்கள். நானா அன்று முழுக்க என்னுடன் பேசவில்லை.

கை அடையாளம் மூன்றாவது. பெட்போர்ட்டின் சத்தத்தில் வாய்ப் பேச்சு எடுபடாது. விரல் மேலே சுற்றினால் ஏற்று, கீழே சுற்றினால் இறக்கு, முட்டி மடக்கினால் நிறுத்து. நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கும் உண்டு, தெருவில் நிற்கும் சின்னப் பிள்ளைக்கும் உண்டு. இழுக்கச் சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டும்தான். இந்த ஒரு விதி எத்தனை கையை, எத்தனை காலைக் காப்பாற்றியிருக்கிறது என்று பிறகு பல நாடுகளின் தொழிலாளரோடு வேலை செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் வருடம்தான் கொளுக்கி என் கைக்கு வந்தது. அதற்குள் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஹில்மனையும் எங்கே பிடித்துத் தூக்குவது, எங்கே பிடித்தால் வளையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அக்காலத்து வண்டிகளின் அடிச்சட்டம் தண்டவாளம் போல. கியர் கையால் போடுவது. நியூட்ரலில் தள்ளினால் சில்லு சுழலும். அவ்வளவு எளிய வண்டிக்கு மூன்று வருடப் பழக்கம்.

1904இல் தொடங்கிய மோட்டார் வாகனச் சங்கம் ஒன்று காலிமுகத்தில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதன் அங்கத்தவர்களின் கார் நின்றால் சங்கம் பார்த்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு எங்களைப் போன்ற கராஜ்களின் பெட்போர்ட்தான்.

வெள்ளவத்தைக் கால்வாய் வேலையைச் சொல்லாமல் விட முடியாது. 1980, ஐப்பசி மழை. அரிசி மூட்டை ஏற்றிய லொறி ஒன்று கால்வாய்க் கரையோரம் ஒதுங்கப் போய், கரை இளகி, இடப்பக்கம் முழுதாகச் சேற்றில் இறங்கிவிட்டது. லொறி முதலாளி குடையோடு நின்று கத்துகிறார். பார்க்க வந்த ஐம்பது பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். நானா ஒன்றும் பேசாமல் மூன்று தரம் லொறியைச் சுற்றி வந்தார். பிறகு குனிந்து சேறு எதுவரை நிற்கிறது என்று கையால் அளந்தார். எழுந்து வந்து என்னிடம் சொன்ன வாக்கியம் நாற்பத்தைந்து வருடமாக என்னோடு இருக்கிறது. "சில்லு மூடினா ஒரு லொறி. மட்கார்ட் மூடினா ரெண்டு லொறி. எங்கட கம்பிக்கு ரெண்டு லொறி தாங்காது. மூட்டையை இறக்கச் சொல்லுங்க."

மழையில் மூட்டை இறக்குவதா என்று முதலாளி துள்ளினார். நானா பெட்போர்ட்டின் மிதிபலகையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் மூட்டை இறங்கியது. பிறகு மண்வெட்டியால் சில்லுகளுக்கு முன்னே சேற்றை வெட்டி வழி எடுத்தோம். தென்னை மரத்தில் கப்பி கட்டலாமா என்று நான் கேட்டபோது நானா தலையை ஆட்டினார். மரத்தில் கப்பி போட்டுக் கம்பியைத் திருப்பினால் மரம் இரண்டு பங்கு இழுவையைத் தாங்க வேண்டும். நனைந்த கரையில் நிற்கும் தென்னையின் வேர் அதைத் தாங்காது, மரம் எங்கள் தலையில்தான் விழும் என்றார். கப்பியை லொறியின் அடிச்சட்டத்தில் பூட்டி, கம்பியின் முனையைத் திரும்ப எங்கள் பெட்போர்ட்டுக்கே கொண்டுவந்து கட்டினோம். அப்படிச் செய்தால் ஒரு கம்பியின் பாரம் இரண்டு கம்பிக்குப் பிரியும். பெட்போர்ட்டின் நான்கு சில்லுக்கும் கட்டை. கம்பிக்கு மேலே நனைந்த சாக்கு. ஐம்பது பேரையும் தெருவின் மறுபக்கம் அனுப்பினார். இழுத்தது இருபது நிமிடம்தான். லொறியில் ஒரு கீறலும் விழவில்லை.

பல வருடம் கழித்து இங்கிலாந்தில் ஒரு வகுப்பறையில் இருந்தபோது பலகையில் ஓர் அட்டவணை எழுதினார்கள். நல்ல தார்வீதியில் தடையில்லாமல் உருளும் வண்டியை இழுக்க அதன் எடையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு விசை போதும். இளமணலில் நாலில் ஒரு பங்கு. ஏற்றமாக இருந்தால் ஒவ்வொரு பாகைச் சரிவுக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சேறு சில்லு மட்டம் வந்தால் வண்டியின் முழு எடை. மட்கார்ட் மட்டம் வந்தால் எடையின் இரண்டு மடங்கு. பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. நானா சொன்னது ஒரு சொல் மாறாமல் அங்கே எழுதியிருந்தது. கணக்கில் தவறிய நான் அந்த வகுப்பில் முழுப் புள்ளி எடுத்தேன்.

1983ஐப் பற்றி ஒரு பந்தி மட்டும் எழுதுகிறேன். யூலை 25, திங்கட்கிழமை, தமிழருக்கு எதிரான கலவரத்தில் கராஜ் எரிந்தது. முதல் நாள் இரவே நானா பெட்போர்ட்டைத் தன் வீட்டுக்கு ஓட்டிப் போயிருந்தார். என்னையும் கூட்டிப் போனார். பதினொரு நாள் அவர் வீட்டு அறையில் இருந்தேன். அவருடைய மனைவி எனக்குச் சோறு தந்தார். பெரியப்பா குடும்பம் அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் காலி வீதியில் எரிந்து கிடந்த வண்டிகளை அகற்ற நானாவைக் கூப்பிட்டார்கள். என்னை வர விடவில்லை. ஒரு நாள் மாலை திரும்பி வந்து கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினார். ஒவ்வொரு வண்டியிலும் கொளுக்கி போடும் முன்னே உள்ளே பார்த்ததாகச் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை. கொளுக்கி போடும் முன்னே உள்ளே பார் என்பதும் அவர் பழக்கின வரிசையில் இருந்ததுதான். அந்த வாரம்வரை அது பின் இருக்கையில் தூங்கும் குழந்தைக்காக என்று நினைத்திருந்தேன்.

1984இல் லண்டன் போனேன். மூன்று வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அதன்பின் வாகன மீட்பு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதே தொழில். அங்கே இந்தத் தொழிலுக்கென்று ஒரு நிறுவகமே இருக்கிறது, வாகன மீட்பு நிறுவகம் என்று. பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சின்ன வண்டி தூக்குவது ஒன்று, கனரக வண்டி ஒன்று, உருண்ட வண்டியை நிமிர்த்துவது ஒன்று, நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பது ஒன்று. ஒவ்வொன்றையும் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து, சரி என்றால்தான் அட்டையில் ஏறும். பிரித்தானியத் தர நிறுவனம் பி.ஏ.எஸ். 43 என்று ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. வண்டி எப்படி இருக்க வேண்டும், மேலங்கி எந்த நிறம், விளக்கு எங்கே, சாரதிக்கு என்ன பயிற்சி என்று எல்லாம் அதில் உண்டு. அது இல்லாத நிறுவனத்துக்குப் பெரிய வேலைகள் கிடைக்காது. எனக்கு முதல் அட்டை கிடைத்த நாளில் மருதானைக்கு ஒரு கடிதம் போட்டேன். நானாவின் மகள் பதில் எழுதியிருந்தார். வாப்பா அட்டையின் படத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாராம். படமெடுத்து அனுப்பினேன். நானாவுக்குக் கிடைக்காத அட்டை அது. அதில் இருந்ததெல்லாம் அவர் தந்தது.

இந்தத் தொழிலின் தொடக்கமும் ஒரு கால்வாய்க் கதைதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டநூகா என்ற ஊர். 1916இல் ஓர் ஓடைக்குள் தலைகீழாக விழுந்த காரை வெளியே எடுக்க ஏர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற கராஜ்காரர் கயிறும் கப்பியும் ஆள்களும் வைத்துப் பல மணி நேரம் மாரடித்தார். திரும்பிப் போய், பழைய கடிலாக் கார் ஒன்றின் மேல் பாரந்தூக்கி ஒன்றைக் கட்டினார். இன்று உலகத்து வீதியெல்லாம் ஓடுகிற பிரேக்டவுன் வண்டிக்கு அதுதான் பாட்டன். அந்த ஊரில் இப்போது இத்தொழிலுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வெளியே ஒரு சுவர். வேலை செய்துகொண்டிருக்கும்போது செத்துப்போன மீட்புத் தொழிலாளர்களின் பெயர்களை அதில் பொறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் புதுப் பெயர்கள் ஏறுகின்றன. பலர் செத்தது கம்பி அறுந்து அல்ல, வீதியோரம் குனிந்து நின்றபோது இன்னொரு வாகனம் மோதி.

இனி வெள்ளவத்தை. 2025 கடைசி மாதங்கள். இப்போது வருடத்தில் பாதி நான் தங்கச்சி வீட்டில்தான். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் தொடர்மாடி. கீழே நிலத்தடி வாகனத் தரிப்பிடம். முகட்டில் கை முட்டும், அவ்வளவு தாழ்வு. தங்கச்சி மகனின் கார் ஜப்பான் ஹைபிரிட். மூன்று வாரம் ஓடாமல் நின்றதில் சின்னப் பற்றரி, அதுதான் பன்னிரண்டு வோல்ட் பற்றரி, இறங்கிவிட்டது. மருமகன் வேலைக்குப் போகிற அவசரத்தில் போனில் கிடைத்த ஒரு கார் கரியருக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் மேலே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சீமெந்துத் தரையில் ரயர் உரசுகிற சத்தம். சுழலாத சில்லை இழுத்தால் மட்டும் வருகிற சத்தம் அது. தேத்தண்ணியை வைத்துவிட்டுப் படியால் ஓடினேன்.

கரியர் உள்ளே வர முடியாமல் சரிவின் மேலே நிற்கிறது. அங்கிருந்து கம்பி இறங்கி வருகிறது. காரின் முன்பக்கம் கீழே, சில்லைப் பிடித்திருக்கும் கை மாதிரி ஒரு பாகம் உண்டே, அதில் கொளுக்கி. கார் 'பி'யில், அதாவது தரிப்பு நிலையில், பூட்டியபடி இழுபடுகிறது. தரையில் கறுப்பாக இரண்டு கோடு. கம்பிக்கு இரண்டு பக்கமும் கால் வைத்தபடி, அதற்கு நேர் மேலே, இறப்பர்ச் செருப்போடு ஒரு பையன் நிற்கிறான். கையில் றிமோட். இருபத்திரண்டு வயதிருக்கும்.

முட்டியை மடக்கிக் கையைத் தூக்கினேன். அவனுக்கு அந்த அடையாளம் தெரியவில்லை. ஓடிப்போய்த் தோளில் பிடித்து வெளியே இழுத்தேன்.

அந்தக் காரை வெளியே எடுக்க ஐந்து நிமிடம் போதும். சின்னப் பற்றரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் கார் விழிக்கும், 'என்'னில், அதாவது நியூட்ரலில், போடலாம், சில்லு சுழலும். 1,300 கிலோ வண்டியைச் சமதரையில் 52 கிலோ விசையால் அசைக்கலாம், இரண்டு பேர் தள்ளினாலே போதும். அதுவும் முடியாவிட்டால் பூட்டிய சில்லுக்கு அடியில் வைக்கிற சின்ன உருளைத் தட்டுகள் இருக்கின்றன. பூட்டியபடி சீமெந்தில் இழுத்தால் அந்த விசை பத்து மடங்காகிறது. சரிவின் பாரம் அதற்கு மேல். காரின் கை வளைந்துவிட்டது. அதற்கு மேலே கியர்ப் பெட்டியில் பூட்டு ஊசியும் உடைந்திருக்கலாம் என்று கராஜில் சொன்னார்கள். திறந்து பார்த்ததில் அது தப்பியிருந்தது.

மருமகன் பையன் மேல் பாய்ந்தான். நான் விடவில்லை. பையனைப் படிக்கட்டில் உட்கார வைத்து, பிளேன்ரீ ஒன்று கொடுத்துக் கேட்டேன். "எங்கே பழகினீங்கள், தம்பி?"

"பழகறதா அங்கிள்? முன்னாடி ஓட்டின அண்ணா மூணு நாள் கூட வந்தாரு. மிச்சமெல்லாம் போன்ல பாத்ததுதான்."

"லைசன்ஸ்?"

"லொறி லைசன்ஸ் இருக்கு அங்கிள். வேற ஒண்டும் யாரும் கேக்கல்ல."

எந்த ஊர் என்றேன். கொட்டாஞ்சேனை என்றான். நான் கம்பி துடைத்த இடத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அவன் வீடு.

வண்டி முதலாளி லீசிங்கில் எடுத்திருக்கிறார். ஒரு நாளைக்கு இத்தனை ஓட்டம் காட்ட வேண்டும். கரியரின் வின்ச்சில் எட்டாயிரம் இறாத்தல் தாங்கும் என்று எழுதியிருக்கிறது, அந்த எழுத்தை அவன் ஒருநாளும் வாசித்ததில்லை. கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். கடற்காற்று உப்பு அதைத் தின்றிருந்தது. என் விரலில் துரு ஒட்டியது. ஒரு சாணுக்குள் ஏழு இழை அறுந்திருந்தது. நானாவாக இருந்தால் அந்த இடத்திலேயே வெட்டியிருப்பார்.

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குப் பழக்க யார் இருந்தார்கள்? தண்டவாளம் போன்ற அடிச்சட்டமும் கைக் கியரும் உள்ள மொறிஸ் மைனருக்கு மூன்று வருடம் என்னை நிறுத்திப் பழக்கினார்கள். இன்று வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நிற்கிற வண்டிகளைப் பாருங்கள். ஓட்டோமட்டிக் கியர்ப் பெட்டிக்குள் ஒயிலைச் சுற்றவிடுவது எஞ்சின். எஞ்சின் நிற்கும்போது இயக்கு சில்லைத் தரையில் விட்டு இழுத்துக்கொண்டு ஓடினால் உள்ளே வறண்டு எரியும். ஹைபிரிட்டிலும் மின்சாரக் காரிலும் சில்லு சுழன்றால் மோட்டர் மின்சாரம் உண்டாக்கும், இழுபட்டபடியே தீப்பிடிக்கலாம். செம்மஞ்சள் நிற வயர்களில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். விபத்தில் நசுங்கிய மின்சாரக் காரின் பற்றரி அணைத்த பிறகும் மணிக்கணக்கில், சிலவேளை நாள்கணக்கில் கழித்து மறுபடி எரியும். அதனால் அப்படியான காரைக் கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் பதினைந்து மீற்றர் தள்ளி நிறுத்து என்பது அமெரிக்காவில் கற்பிக்கிற விதி. ஐந்து வருடமாக நின்றிருந்த கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்ததிலிருந்து அந்த வகைக் கார்கள் கொழும்பில் நாளுக்கு நாள் கூடுகின்றன. அவற்றை அள்ளப் போகிறவன் மூன்று நாள் பழகின பையன்.

அதிவேகப் பாதையையும் யோசியுங்கள். நானாவின் காலத்தில் காலி வீதியில் லொறி முப்பது மைலில் ஓடினால் பெரிது. தெற்கு அதிவேகப் பாதை 2011 நவம்பரில் திறந்தது. மணிக்கு நூறு கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு 28 மீற்றர். நின்றுபோன வண்டியின் பின்னால் குனிந்து கொளுக்கி போடுகிறவன் தலை நிமிரும் முன்னே ஒரு கார் நூறு மீற்றர் தாண்டிவிடும். எந்தப் பக்கம் நிற்பது, பயணிகளை எந்தக் கதவால் இறக்கி எங்கே அனுப்புவது, எச்சரிக்கைக் கூம்பை எத்தனை அடிக்கு ஒன்றாக வைப்பது, இவையெல்லாம் பழகாமல் வராது. இது சட்டநூகாச் சுவரில் பெயர் ஏறுகிற இடம்.

எங்கள் நாட்டுக்குப் பழக்கத் தெரியாது என்று நான் நம்பவில்லை. 1959இல் ஜெர்மன்காரர்களோடு சேர்ந்து தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் மொறட்டுவையில் இருக்கிறது. அங்கே படித்த மெக்கானிக்கை உலகத்தில் எங்கே கொண்டுபோய் விட்டாலும் பிழைப்பான். லண்டனில் என்னோடு வேலை செய்த இருவர் அங்கே படித்தவர்கள். 1971இலேயே பயிலுனர் சட்டம் வந்தது. அதன் வழி வந்த பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபைக்கு ஒருகொடவத்தையில் மோட்டர் வாகனப் பயிற்சி நிறுவகம் உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். தேசிய தொழில் தகைமை என்று ஏழு மட்டம் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாமல் கையால் பழகியவரையும் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் தருகிற வழியும் அதற்குள் இருக்கிறது. நானா உயிரோடு இருந்தால் அந்த வழியால் முதல் ஆளாகப் போயிருக்கலாம். அவர் 1996இல் காலமானார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016இல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் சேவை தொடங்கியபோது அதன் முதல் தொழிலாளர்களை ஹைதராபாத்துக்கு அனுப்பிப் பழக்கினார்கள். காயப்பட்டவரைத் தொடும் முன்னே பழக வேண்டும் என்று நாடு ஏற்றுக்கொண்டது. அது சரி, நூறு வீதம் சரி. அதே விபத்துக்கு, அதே நேரத்தில், அதே வீதிக்குப் போகிற இன்னொரு தொழிலாளி இருக்கிறான். நசுங்கிய வண்டிக்குள் ஆள் மாட்டியிருக்கும்போது பிழையான பக்கம் இழுத்தால் அந்த ஆள் சாவார். அம்புலன்ஸ் பிள்ளைக்குக் கிடைத்த மரியாதையில் பாதியாவது இவனுக்குக் கிடைக்கக் கூடாதா?

பத்து நாள் போதும் என்று நினைக்கிறேன். மூன்று வருடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கம்பியும் கப்பியும் எடைக் கணக்கும். ஒரு நாள் கட்டையும் கை அடையாளமும். வீதியோரம் நிற்பதற்கு இரண்டு நாள், அதில் ஒன்று இரவில். மீதி முழுவதும் புது வண்டிகள், செம்மஞ்சள் வயர், இறப்பர்க் கையுறை, வண்டியின் கைநூலைப் பார்த்து எங்கே கொளுவுவது என்று கண்டுபிடிப்பது. கடைசியில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து ஓர் அட்டை கொடுக்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் நடத்த வேண்டும். கொழும்பில் கரியர் ஓட்டும் பிள்ளைகள் பலர் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், முகத்துவாரப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் ஒரு புத்தகத்தை நீட்டிவிட்டுப் பயிற்சி கொடுத்தோம் என்று சொல்லக் கூடாது.

வாகனம் வைத்திருக்கிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு வாசலுக்குக் கரியர் வந்தால் விலை பேசும் முன்னே கம்பியைப் பாருங்கள். 'இந்தக் காரை எங்கே பிடித்து இழுப்பீர்கள்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் திட்டாதீர்கள், காரைத் தொட விடாமல் மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள். கம்பி இழுபடும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் வையுங்கள்.

பயிற்சி அதிகாரிகளுக்கும் ஒன்று. ஒருகொடவத்தையில் ஒரு வகுப்பறையும் பழைய லொறி ஒன்றும் கொஞ்சச் சேறும் தாருங்கள். எனக்கு அறுபத்துமூன்று வயது, கை இன்னும் நடுங்கவில்லை. முதல் வகுப்புக்கு அந்தக் கொட்டாஞ்சேனைப் பையன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கற்பிக்க நான் வருவேன். சம்பளம் வேண்டாம்.